நான் கொசுத்தேனீ என்று சொல்லிக் கொடுத்தது தேனீ இல்லை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, மெதுவாகப் படியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். 1984 முதல் 2018 வரை என்னிடம் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்தவர்கள் எல்லாரும் கவனிக்கவும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்று மேட்டில் தாத்தாப் பூ பூத்துக் கிடக்கும், நினைவிருக்கிறதா? வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வோம். காம்பைச் சுண்டி அதன் தலையைத் தெறிக்க விட்டு விளையாடுவீர்கள். அந்தப் பூவில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட ஒரு சின்னப் பூச்சி வந்து உட்காரும். "இது என்னா டீச்சர்?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "கொசுத்தேனீ, கிட்டப் போகாதே, கொட்டிடும்" என்று சொன்னேன். 34 வருஷம் சொன்னேன்.

தப்பு. அது தேனீ இல்லை, ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. உண்மையான கொசுத்தேனீக்கும் கொட்டத் தெரியாது. அதன் நிறமும் கறுப்பு, மஞ்சள் பட்டை கிடையாது. ஆக ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. உங்கள் நோட்டில் இப்படி இருந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்து, ஐந்து முறை எழுதி வா என்றிருப்பேன். எனக்கு யார் தண்டனை கொடுப்பது? அதனால் நானே எழுதுகிறேன்.

இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். போன தை மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் மூன்று படம் அனுப்பினாள். பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். செல்போன் கம்பெனி ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தவள். அது மூடிய பிறகு வீட்டோடு இருக்கிறாள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற ஒரகடம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே அவள் வீடு. பின்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் அவரைப் பந்தல் போட்டிருக்கிறாள். அதற்கும் பின்னால் யாரோ வாங்கிப் போட்ட காலி மனை, முழுக்கத் தாத்தாப் பூ. அதற்கும் பின்னால் கம்பெனிச் சுவர்.

"டீச்சர், அவரைக் கொடியில பேன் புடிச்சிருக்கு. அதுங்க நடுவுல பச்சையா ஒரு புழு வேற நெளியுது. குளவி மாரி ஒண்ணு அங்கியே சுத்திட்டிருக்கு, அதுதான் முட்டை போடுதுன்னு நெனைக்கிறேன். அவரு கடையில மருந்து வாங்கியாந்துட்டாரு. சாயங்காலம் அடிச்சுடட்டுமா?"

பேன் என்று அவள் சொன்னது அசுவினி. அது எனக்குத் தெரியும். புழு தெரியவில்லை. குளவி மாதிரி இருந்ததைப் பார்த்ததும், நம் பழைய கொசுத்தேனீ என்று எழுதத்தான் விரல் போனது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. முகம் தேனீ முகமாக இல்லை. "நாளைக்குக் காலையில் வரைக்கும் பொறு, மருந்தை எடுத்து உயரத்தில் வை, பிள்ளை கைக்கு எட்டக்கூடாது" என்று பதில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும்? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் செம்பருத்திப் பூவும் கரப்பான் பூச்சியும் வரைந்து பாகம் குறித்ததோடு சரி. ஆனால் என் மாணவன் ஒருவன் விலங்கியல் படித்துத் தாம்பரம் பக்கம் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறான். அவனுக்குப் படங்களை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான். "இது ஈ டீச்சர். சிர்பிட் ஈ. அந்தப் புழு இதோட குட்டி. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கு. தயவுசெஞ்சு மருந்து அடிக்க வேணாம்னு சொல்லுங்க."

சட்டென்று நம்பவில்லை. ஆசிரியை புத்தி. "எப்படிச் சொல்கிறாய்? காரணம் சொல்" என்றேன். சிரித்துவிட்டு, எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

தேனீக்கும் குளவிக்கும் இறக்கை நான்கு, ஈக்கு இரண்டு. இது ஐந்தாம் வகுப்புப் பாடம். ஆனால் படத்தில் எண்ண வராது. தேனீயின் முன் இறக்கையும் பின் இறக்கையும் சின்னக் கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் ஒரே இறக்கை போலத் தெரியும். ஆகவே முதலில் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். தேனீயின் கொம்பு நீளமாக, முழங்கை மடிந்த மாதிரி இருக்கும். இந்த ஈக்கு மூக்கு நுனியில் இரண்டு மிளகுக் குருணை ஒட்டிவைத்ததுபோல் குட்டையாக இருக்கும். அடுத்தது கண். ஆண் ஈயின் இரண்டு கண்ணும் உச்சந்தலையில் வந்து முட்டிக்கொள்ளும், பெண் ஈயில் நடுவே இடைவெளி இருக்கும். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு குமிழ் இருக்கும். பறக்கும்போது உடல் சாயாமல் சமன்செய்வது அதுதான்.

அது ஈ என்று ஆன பிறகு, எந்தக் குடும்பத்து ஈ என்பதை இறக்கை சொல்லும். இந்தக் குடும்பத்தின் இறக்கையில் நடுவாக ஒரு கோடு ஓடும். எந்த நரம்போடும் சேராமல் வெறும் மடிப்பாக நின்றுவிடும். லத்தீனில் அதற்குப் 'பொய் நரம்பு' என்று பெயர். மற்ற ஈக்களிடம் இதைப் பொதுவாகப் பார்க்க முடியாது. பூவுக்கு மேல் அந்தரத்தில் ஆணி அடித்ததுபோல் அசையாமல் நிற்கிற பழக்கமும் இந்தக் குடும்பத்துக்கு உண்டு.

இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் படம் சரியாக வேண்டும். அவள் அனுப்பிய மூன்றில் ஒன்று ஆடிப்போனது, ஒன்றில் பூ மட்டும் தெளிவு. மறுநாள் விடிகாலை, வெயில் ஏறி ஈ சுறுசுறுப்பாவதற்குள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, இறக்கை விரிந்தபடி ஒன்று, கால் தெரிய ஒன்று எடுக்கச் சொன்னோம். ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து நாற்பது படம் எடுத்தாளாம். தேறியது ஆறு. செல்போன் கம்பெனியில் சின்னச் சின்னச் சில்லுகளைக் குறை பார்த்த கண் அவளுடையது. "இதுக்கு அது தேவலாம் டீச்சர், அது பறக்காது" என்றாள்.

நெஞ்சின் இரண்டு பக்கமும் பளிச்சென்று மஞ்சள் கரை. முகமும் மஞ்சள். வயிற்றில் நடுவே துண்டான மஞ்சள் பட்டைகள். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். இந்த அடையாளத்தோடு இரண்டு ஈக்கள் குழப்பும் என்றான். ஒன்று ஸ்பேரோஃபோரியா, உடல் குச்சிபோல் ஒல்லி. மற்றது இஸ்கியோடான். ஆறு படத்தில் ஒன்றில் ஓர் ஆண் ஈ பூவின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது, பின்னங்காலின் அடிப்பகுதி தெரிந்தது. தொடை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற சின்னக் கணுவிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. "முடிஞ்சது டீச்சர். இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ்" என்றான்.

இந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது பாருங்கள். கிரேக்கத்தில் 'இஸ்கியோன்' என்றால் இடுப்பு, 'ஓடோன்' என்றால் பல். இடுப்புப் பல். எங்கே பார்க்க வேண்டும் என்று பெயர் வைத்தவரே விரல் நீட்டிக் காட்டியிருக்கிறார். 'ஸ்கூட்டெல்லம்' என்பது நெஞ்சின் பின்முனையில் குட்டிக் கேடயம்போல் இருக்கிற தகடு.

வேதிப்பொருளுக்கும் பூச்சிக்கும் லத்தீன் பெயர் வந்தாலே தாண்டிப் போகிற ஆள் நான். ஆனால் அவன் முழுப் பெயரையும் எழுதி அனுப்பியபோது கடைசியில் அடைப்புக்குறிக்குள் "ஃபாப்ரீசியஸ், 1805" என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். முதலில் பெயர் வைத்தவரும் வருஷமும். அடைப்புக்குறி எதற்கு? அவர் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். ஃபாப்ரீசியஸ் இதை 'ஸ்கேவா' என்ற இனத்தில் சேர்த்திருந்தார். 1913இல் சாக் என்ற ஜெர்மானியர் அந்த இடுப்புப் பல்லைப் பார்த்து இஸ்கியோடான் என்று தனியாகப் பிரித்தார். சரி, 1805இல் ஃபாப்ரீசியஸ் பார்த்த அந்த முதல் ஈ எந்த ஊரில் பிடித்தது?

தரங்கம்பாடி.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் ஒரகடத்திலிருந்து தெற்கே 250 கிலோமீட்டர் போல இருக்கும். சுற்றுலாவுக்கு உங்களில் சில பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். கடற்கரைக் கோட்டைமேல் ஏறிநின்று போட்டோ பிடித்தோமே, அதே ஊர். உலகத்தில் இந்த ஈ மேற்கு ஆசியா தொடங்கி ஆஸ்திரேலியா வரைக்கும் பறக்கிறது. அத்தனை ஊரிலும் யார் இதை ஆராய்ந்தாலும் பெயரின் வேர் தரங்கம்பாடிக்குத்தான் வந்து நிற்கும். நான் அதைக் கொசுத்தேனீ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது எப்படித் தரங்கம்பாடிக்கும் ஜெர்மனிக்கும் முடிச்சு விழுந்தது? வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்ட விஷயம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்தார், அச்சுக்கூடம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு வந்தது. இதுவரைக்கும் பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாடநூல் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1768இல் கோனிக் என்ற மருத்துவர் அங்கே வந்தார். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸின் நேரடி மாணவர். மிஷனுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், பார்த்த செடி கொடி பூச்சி எல்லாவற்றையும் சேர்த்தார். நம் ஊர்க் கரையானைப் பற்றி 1779இலேயே நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர். மிஷன் சம்பளம் இவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. (சம்பளம் போதாத கதை அன்றைக்கும் இருந்திருக்கிறது.) 1774இல் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனார். 1785இல் காக்கிநாடா அருகே இறந்தார்.

அவரைச் சுற்றி ஒரு கூட்டமே உருவானது. ஜான் என்ற பாதிரியார், ராட்லர் என்ற பாதிரியார். ராட்லரைத் தமிழாசிரியர்களுக்குத் தெரியும், தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவர். ஒரு கையில் சொல், இன்னொரு கையில் செடி. எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. சொல்லைச் சேர்க்கிறவனுக்கும் பூச்சியைச் சேர்க்கிறவனுக்கும் ஒரே நோய்தான் போலிருக்கிறது.

இன்னொருவர் டால்டார்ஃப், டேனிஷ் கம்பெனிப் பட்டாளத்தில் லெப்டினன்ட். இவரைப் பற்றி ஒரு வேடிக்கை. 1791இல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. ஐரோப்பாவில் அதை நம்பினவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. நம் தாத்தாக்கள் அந்த மீனுக்கு வைத்திருந்த பெயரே பனையேறிக் கெண்டை! இதே டால்டார்ஃப்தான் ஏராளமான பூச்சிகளையும் டென்மார்க்குக்கு அனுப்பினவர்.

இந்தப் பெட்டிகள் கடைசியில் போய்ச் சேர்ந்த மேசைகளில் முக்கியமானது ஃபாப்ரீசியஸ் என்ற பேராசிரியருடையது. அவரும் லின்னேயஸின் மாணவர்தான். 1775 முதல் கீல் நகரில் பேராசிரியர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. வாழ்நாளில் பத்தாயிரத்துக்குச் சற்றே குறைவான பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தார். லின்னேயஸ் பூச்சிகளை இறக்கையை வைத்துப் பிரித்தார், இவர் வாயை வைத்துப் பிரித்தார். ஈக்களுக்கு மட்டுமென்று 1805இல் ஒரு நூல் போட்டார், 'சிஸ்டமா ஆன்ட்லியாட்டோரம்'. 'ஆன்ட்லியா' என்றால் லத்தீனில் பம்ப். உறிஞ்சுகிற வாய் என்பதால் ஈக்களுக்கு அந்தப் பெயர். நம் ஈ அந்த நூலில் இருக்கிறது.

அவர் ஓர் ஈக்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு தெரியுமா? லத்தீனில் சில வரி. நிறம் இப்படி, கால் இப்படி, கிடைத்த ஊர் இது. அவ்வளவே. அதை வைத்துக்கொண்டு இருநூறு வருஷம் கழித்து ஒருவர் "இது அதே ஈதான்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அவர் பார்த்த பூச்சிகளை ஊசியில் குத்திப் பாதுகாத்து வைத்தார்கள். அவை கீல், கோபன்ஹேகன் சேகரிப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் அந்த ஊசியிடம் போகலாம். இதை 'மூலப்படிவம்' என்கிறார்கள், அதாவது பெயர் கட்டிவைத்திருக்கிற கட்டுத்தறி.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆறுதல் தந்த விஷயம். இந்தக் குடும்பத்து ஈயைத் தேனீ என்று ஏமாந்தவள் நான் மட்டும் இல்லை. இறந்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பழைய ரோமானியர்கள் நம்பினார்கள். வர்ஜில் என்ற மகாகவி அதை உழவு பற்றிய தன் காவியத்தில் எழுதியே வைத்தார். பைபிளில் சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கூட்டம் இருந்ததாக வரும் கதையும் உங்களுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓஸ்டன் சாக்கன் என்ற ரஷ்யத் தூதரக அதிகாரி, ஈக்களில் பெரிய நிபுணர், இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். எருதின் அழுகலில் பிறந்தது தேனீ இல்லை, அழுகல் நீரில் முட்டையிடுகிற, தேனீயைப் போலவே தோற்றம் கொண்ட எரிஸ்டாலிஸ் என்ற ஈ. நம் சிர்பிட் குடும்பம்தான். வர்ஜிலே ஏமாந்த இடத்தில் நான் ஏமாந்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஏமாறுவதற்குத்தானே அந்த வேஷமே. அமேசான் காட்டில் 11 வருஷம் இருந்துவிட்டு வந்த பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், தீங்கில்லாத பூச்சி தீங்கான பூச்சியைப்போல உடையணிந்து தப்பிக்கும் என்று 1862இல் எழுதினார். அவர் எழுதியது பட்டாம்பூச்சியைப் பற்றி. நம் ஈயும் செய்வது அதையேதான். குருவியைப் பயமுறுத்தப் போட்ட வேஷம் என்னையும் 34 வருஷம் பயமுறுத்திவிட்டது.

இந்தியாவின் ஈக்களுக்கு ஒழுங்காக ஒரு நூல் வர ஃபாப்ரீசியஸுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எழுதியவர் புருனெட்டி. கல்கத்தாவில் வாழ்ந்த அவர் தொழில்முறை இசைக்கலைஞர்! பிழைப்புக்கு வாத்தியம், மனசுக்கு ஈ. 1912, 1920, 1923 என்று மூன்று பெரிய தொகுதிகள். மூன்றாவதில் நம் சிர்பிட் குடும்பம். பட்டம் பார்த்து வேலை கொடுக்கிற இந்தக் காலத்தில் அவரை யாராவது உள்ளே விட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். இத்தனை பேர் ஊசியும் பூதக்கண்ணாடியும் வைத்துச் செய்த வேலையை இன்று கைப்பேசிப் படம் செய்துவிடுமா? இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. மலேசியாவில் ஒரு புகைப்படக்காரர் அழகான பச்சைப் பூச்சி ஒன்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்போமே, அந்த வகை. (அதன் புழுவும் அசுவினி தின்னிதான்.) கலிஃபோர்னியாவில் வின்டர்டன் என்ற நிபுணர் தற்செயலாக அதைப் பார்த்தார். இது யாரும் பெயர் வைக்காத இனமாயிற்றே என்று அசந்துபோனார். ஆனாலும் படத்தை மட்டும் வைத்துப் பெயர் வைக்கவில்லை. புகைப்படக்காரர் மறுபடி அந்தக் காட்டுக்குப் போய் ஒன்றைப் பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய பிறகுதான், 2012இல் அதற்குப் பெயர் வந்தது. ஜேட் என்ற அந்தப் பெயர் வின்டர்டனின் மகளுடையது.

2015இல் வேறொன்று நடந்தது. மார்ஷல், ஈவன்ஹூயிஸ் என்ற இரண்டு ஈ நிபுணர்கள் தென்னாப்பிரிக்காவில் கண்ட ஓர் ஈக்குப் படங்களை மட்டும் வைத்தே பெயர் வைத்துவிட்டார்கள். கையில் உடல் இல்லை. நம் ஊர்க் கருவண்டு என்போமே, மரம் துளைக்கிற தச்சன் தேனீ, அதைப்போலவே வேஷம் போட்ட ஈ அது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. ஏறக்குறைய 500 வகைப்பாட்டு அறிஞர்கள் 2016இல் கையெழுத்துப் போட்டு, இது சரியில்லை என்று கட்டுரை வெளியிட்டார்கள். மற்ற பக்கத்தில், அழிகிற உயிரைக் கொன்றுதான் பெயர் வைக்க வேண்டுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

நான் எந்தப் பக்கம்? இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே பெயர் உள்ள உயிரை அடையாளம் காணப் படம் போதும், சரியான இடத்தைப் படம் எடுத்திருந்தால். புதுப் பெயர் வைக்க மட்டும் ஊசி வேண்டும் என்றே தோன்றுகிறது. தரங்கம்பாடி ஈக்கு யாராவது ஓவியம் மட்டும் வரைந்து அனுப்பியிருந்தால், இடுப்புப் பல்லைச் சாக் எங்கே போய்த் தேடியிருப்பார்? ஓவியனுக்கு அந்த முள் முக்கியம் என்று தெரிந்திருக்காதே. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கோபப்பட மாட்டேன்.

அவரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருந்து அடிக்கவில்லை. ரொம்ப மோசமாயிருந்த இரண்டு கிளையை மட்டும் வெட்டி எறியச் சொன்னோம். அந்தப் பச்சைப் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலைப்பக்கம் கூராக, அட்டை மாதிரி நீண்டு சுருங்கி, தட்டுப்பட்ட அசுவினியைத் தூக்கிப்பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலைப் போட்டுவிடும். பெரிதாவதற்குள் ஒரு புழு நூற்றுக்கணக்கில் தின்னும். பத்து நாளில் பேன் பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, பொய் சொல்லக் கூடாது. காய் வந்தது. எனக்கும் ஒரு பை கொடுத்தனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் "மருந்துக்குக் கொடுத்த காசு போச்சு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இதோடு முடிந்தது என்றிருந்தேன். மாசி மாதம் இன்னொரு படம் வந்தது. காலி மனையில் அதே தாத்தாப் பூ, இன்னும் சின்ன ஈ, அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கண்ணில் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாய் வரி. கல்லூரிக்காரன் பார்த்துவிட்டு, "பாரகஸ்" என்றான். அந்தப் பேரினத்தில் ஒன்றுக்கு ஃபாப்ரீசியஸ் அதே 1805 நூலில் பெயர் வைத்திருக்கிறார், அதற்கும் ஊர் தரங்கம்பாடிதான். 'செர்ராட்டஸ்', அதாவது ரம்பப் பல் கொண்டது. நெஞ்சின் பின்முனைத் தகட்டின் ஓரத்தில் ரம்பம்போல் பற்கள் இருக்கும். நம் படத்தில் அந்த ஓரம் மங்கல். பல் இருக்கிறதா இல்லையா என்று மூன்று பேரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம், கடைசியில் கட்டம் கட்டமாய்த்தான் தெரிந்தது. "பாரகஸ் வரைக்கும் எழுதுங்க டீச்சர். அதுக்கு மேல எழுதாதீங்க. இந்த இனத்துல பல ஈக்களை ஆண் உறுப்பைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். என் நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

"புடிச்சு அனுப்பட்டுமா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். வேண்டாம், கைப்பேசியில் மாட்டுகிற பூதக்கண்ணாடி லென்ஸ் ஒன்று என் பேரன் வாங்கித் தருகிறேன் என்கிறான், அது வரட்டும் என்றேன். போன வெள்ளிக்கிழமை லென்ஸ் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அவளிடமிருந்து படம் வந்தது, ஈ இல்லை. காலி மனையைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு ஜே.சி.பி. வேலைக்கு இன்னும் ஆள் வரவில்லையாம், திங்கட்கிழமைதான் தொடங்குவார்களாம். வேலியோரம் தாத்தாப் பூ ஒரு முழ அகலத்துக்கு இன்னும் இருக்கிறதாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் லென்ஸை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.